48 நாளில் சர்க்கரை போகுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. எம்.எஸ்சி. யோகா படித்திருக்கிறேன். கும்பகோணத்தில் ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்துக் காலையும் மாலையும் வகுப்பு நடத்துகிறேன். மாதம் 600 ரூபாய்தான் வாங்குகிறேன். அதற்கே, "யோகாவுக்குக் காசா? திருமூலர் காசு வாங்கிக்கொண்டா சொல்லிக் கொடுத்தார்?" என்கிறார்கள். யூடியூபில் சும்மா கிடைக்கிறதே என்று சிலர் நின்றுவிட்டார்கள். நடவு ஆரம்பித்தால் பாதிப் பேர் வருவதில்லை. இரண்டு தெரு தள்ளி ஒருவர், "48 நாளில் சர்க்கரை நோயிலிருந்து விடுதலை" என்று பேனர் வைத்திருக்கிறார். அங்கே கூட்டம் அலைமோதுகிறது. என் வகுப்புக்கு வரும் பெரியவர் ஒருவர், "மாத்திரையை நிறுத்திடலாமா டீச்சர்?" என்று கேட்கிறார். நானும் அப்படி ஒரு பேனர் வைக்க வேண்டியதுதானா? "இதை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போ" என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லிவிடுங்கள். "நிறுத்தக்கூடாது சார். கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை" என்று நேராகவே சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சர்க்கரை உள்ளவர்களுக்கு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உடல் அசைகிறது, தூக்கம் சீராகிறது, படபடப்பு தணிகிறது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் மருந்தோடும் சேரும்போது ரத்தச் சர்க்கரை இறங்கவும் செய்யும். அப்படி இறங்கினால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அது தெரிந்துவிடும். அதைப் பார்த்து டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். தானாக நிறுத்துகிறவருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது, நன்றாக இருப்பதாகவே நினைப்பார். அதற்குள் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

பேனர் சொல்லாத இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்கிறவர் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும். அதைப் பார்த்துவிட்டு, "உடம்பில் இருக்கும் கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்" என்று சொல்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் ஹாலில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

சேருகிற அன்றே ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன மருந்து சாப்பிடுகிறார், என்ன அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, கண் டாக்டர் கடைசியாக என்ன சொன்னார். விழித்திரை பாதிப்போ கண்ணில் நீர் அழுத்தமோ உள்ளவருக்குச் தலைகீழாக நிற்கும் சிரசாசனமும் சர்வாங்காசனமும் கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவரிடம் வேகமாகக் கபாலபாதி மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லக்கூடாது. குடலிறக்கம், முதுகுத் தட்டு விலகல், கர்ப்பம் எல்லாவற்றுக்கும் தனித்தனி எச்சரிக்கை இருக்கிறது. படித்தவர் நீங்கள், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு தாளை எழுதி வைத்திருக்கும் வகுப்புகள் குறைவு.

பேனர் உங்களுக்கும் வேண்டும். அதில் உண்மை இருக்கட்டும். "சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தனிக் கவனம். டாக்டர் தரும் மருந்தோடு சேர்த்துச் செய்யும் பயிற்சி" என்று போடுங்கள். அதன் நகலோடும் உங்கள் சேர்க்கைத் தாளோடும் உங்கள் பகுதியில் இருக்கும் டாக்டர்கள் இரண்டு மூன்று பேரைப் போய்ப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாத யோகா டீச்சர் என்று தெரிந்தால் அவர்களே நோயாளிகளை அனுப்புவார்கள். கூட்டம் மெதுவாகத்தான் சேரும், ஆனால் நிற்கும். ரிஷிகேஷ் சிவானந்தர் சந்நியாசம் வாங்குவதற்கு முன் மலேயாவில் டாக்டராக இருந்தவர். யோகத்தில் அவ்வளவு தூரம் போனவருக்கு மருத்துவம் எதிரியாகத் தெரியவில்லை.

சரி, காசு விஷயம். திருவாவடுதுறையில் தவமிருந்த திருமூலருக்கு ஹால் வாடகை இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் இல்லை. துறவிக்கு உள்ள வாழ்க்கையை வைத்துக் குடும்பத்துக்காரியை அளக்கக்கூடாது. இதே மண்ணில் கலைக்கும் கற்பிப்பவருக்கும் எப்படிப் படியளந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். ராஜராஜன் அந்தக் கோயிலில் ஆடுவதற்குக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று ஒரு பங்கும் கல்வெட்டில் இருக்கிறது. ஆடலை நடத்தும் நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. தெய்வத்துக்கு முன்னால் ஆடிய கலைக்கே ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இப்படிக் கணக்காக அளந்து கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் 600 ரூபாய் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. உண்மையில் அது குறைவு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு 800 ஆக்குங்கள். முடியாதவர்களுக்கு நீங்களாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மனசு, மற்றவர்கள் கேட்டு வாங்கும் உரிமை அல்ல.

ஜூன் 21-க்கும் இது பொருந்தும். ஐ.நா. சபை 2014 டிசம்பரில் அறிவித்ததிலிருந்து, 2015 முதல் எல்லா ஊரிலும் யோகா தினம் நடக்கிறது. அன்றைக்கு மட்டும் பள்ளிக்கூடமும் வங்கியும் உங்களைத் தேடி வருவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள். போங்கள். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன், "வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு தர முடியுமா?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தாலே ஹால் வாடகை கவலை பாதி தீரும்.

யூடியூபைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். அதில் வருகிறவர் தன் எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க முடியாது. நீங்கள் பார்க்கிறீர்கள். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்ணுக்குப் பாதஹஸ்தாசனம் சொல்லிக் கொடுத்து இன்னும் குனிய வைப்பது கொடுமை. அவருக்கு முதலில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தளர்த்த வேண்டும், பிறகு சேதுபந்தாசனம், வலி இல்லையென்றால் மெதுவாகப் புஜங்காசனம். திருபுவனத்தில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவருக்குக் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும். சுவாமிமலையில் சிலைக்கு நகாசு வேலை செய்கிறவர் மணிக்கணக்காகத் தரையில் குனிந்தே இருப்பவர், அவருக்கு வேறு. முழங்கால் தேய்ந்த அம்மாக்களை வஜ்ராசனத்தில் உட்காரச் சொல்லாதீர்கள், நாற்காலி போடுங்கள். வகுப்பில் நாற்காலி இருப்பது யோகத்துக்கு இழுக்கு என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தறிக்காரர்களுக்கென்று ஒரு வகுப்பு, வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று ஒரு மாலை வகுப்பு என்று பிரித்துப் பாருங்கள். நம் பக்கத்து உடம்புகளை நம் பக்கத்து டீச்சர்தான் படிக்க வேண்டும்.

நடவுக்கு ஆள் குறைவதை எதிர்த்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். மேட்டூர் திறந்து குறுவை வேலை ஆரம்பித்தால் காலை வகுப்பு காலியாகத்தான் இருக்கும். சம்பா நடவு நடக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும் அப்படியே. அந்த மாதங்களில் காலை வகுப்பை டவுன்காரர்களுக்கு வைத்துக்கொண்டு, வயல்காரர்களுக்கு வாரம் இரண்டு மாலை போதும் என்று விடுங்கள். அவர்களிடம் மாதக் கட்டணம் கேட்காமல், அறுவடை முடிந்து தையில் மொத்தமாகத் தரச் சொல்லுங்கள். கடைப் பாக்கியும் கைமாற்றும் அப்படித்தானே தீர்கிறது. ஹால் பகலில் சும்மா கிடந்தால் பாட்டு டீச்சரோ பரதநாட்டிய டீச்சரோ யாராவது வாடகையைப் பகிர்ந்துகொள்வார்களா என்று விசாரியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது மாசாமாசம் போகிற வாடகை மட்டும். ஒரு நோட்டுப் போட்டு வரவு, செலவு, வந்தவர்கள், நின்றவர்கள், ஏன் நின்றார்கள் என்று எழுதி வாருங்கள். ஜவுளிக்கடையா, வகுப்பா என்பதை ஐப்பசி மழையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். மாசியில், வயல்காரர்கள் பாக்கி எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, அந்த நோட்டை அவரிடம் கொடுத்து இரண்டு பேருமாகக் கணக்குப் பாருங்கள்.