சாராள் தக்கர்: பெயர் வந்த வழி

கேள்வி: என் பேத்தி பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் படிக்கிறாள். சென்னையில் தக்கர் பாபா வித்யாலயம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பப் பெயரா? சாராள், தக்கர் என்பவற்றுக்குப் பொருள் என்ன?
– ஒரு வாசகர், முருகன்குறிச்சி

பதில்: இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காந்தியடிகளுடன் அரிசன சேவையில் ஈடுபட்ட தக்கர் பாபா குஜராத்தைச் சேர்ந்தவர். அவருடையது அந்நாட்டு வணிகக் குடும்பங்களில் வழங்கும் பெயர். நம் ஊர்க் கல்லூரியில் உள்ள தக்கர், நெல்லை மக்கள் பேச்சில் சொல்வது போல, ‘டக்கர்’ என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயராகும்.

அது தொழிலால் வந்த பெயர். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடும் இழைகளுக்கிடையே இடைவெளியோடும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, இன்று பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியைப் போன்ற களிமண்ணும் நீரும் சேர்த்து மணிக்கணக்கில் மிதித்தும் அடித்தும் துவைத்தால், பிசுக்கு நீங்கி, இழைகள் சுருங்கி ஒன்றோடொன்று பின்னித் துணி கெட்டிப்படும். இந்த வேலையைச் செய்தவரே டக்கர். ‘வதைத்தல்’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினைச்சொல்லே இதன் வேர் என்பது, துணி படும் பாட்டை நினைத்தால் பொருத்தமாகவே தோன்றுகிறது. சலவைத் தொழிலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது; இது புதுத் துணியைப் பக்குவப்படுத்தும் வேலை.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டக்கர் எனப்பட்ட இதே தொழிலாளி தென்கிழக்கில் ஃபுல்லர் என்றும், வடக்கில் வாக்கர் என்றும் அழைக்கப்பட்டார். ஆகவே, ஒருவருடைய குடும்பப் பெயரைக் கொண்டே அவருடைய முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்று ஓரளவு ஊகிக்கலாம். டெவன் மாவட்டத்து எக்சிட்டர் நகரில், நெசவாளரும் இத்தொழிலாளரும் சேர்ந்த சங்கம் 1471இல் எழுப்பிய மண்டபம் இன்றும் டக்கர்ஸ் ஹால் என்றே வழங்குகிறது. தந்தையின் தொழிற்பெயர், அத்தொழிலைச் செய்யாத பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டுக்குள் அங்கே நிலைபெற்றுவிட்டது.

சாராள் எபிரேயப் பெயர். ‘இளவரசி’, ‘தலைவி’ என்பது பொருள். ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் மனைவி சாராய் என்ற பெயர் மாறிச் சாராள் ஆகிறார். தமிழ் வேதாகமம் சேர்த்த ‘ள்’ பெண்பால் விகுதிதான். இந்த ஒரெழுத்தில் அந்தப் பெயர் நம் வீட்டுப் பெயராகிவிட்டது. இங்கிலாந்திலோ, 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின், புனிதர் பெயர்களை விட்டுப் பழைய ஏற்பாட்டுப் பெயர்களை விரும்பத் தொடங்கிய காலத்தில்தான் அது பரவலாயிற்று. கல்லூரிக்குப் பெயர் தந்த சாராள் தக்கர், சென்னையில் சர்ச் மிஷன் சங்கச் செயலராக இருந்த ஜான் தக்கரின் சகோதரி.

கேள்வி: அப்படியானால் கால்டுவெல்?
– அதே வாசகர்

பதில்: அது ஊர்ப்பெயரால் வந்தது, ‘குளிர்ந்த ஊற்று’ என்று பொருள். இடையன்குடியின் செந்தேரி மணலில் வாழ்ந்தவருக்கு இப்படியொரு பெயர்! ராபர்ட் என்பது ‘புகழால் ஒளிர்பவர்’ என்று பொருள்படும் ஜெர்மானியப் பெயர்; 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரால் அங்கே பெருவழக்காயிற்று.