டிரஸ்டி யார் என்று கேட்ட பெண்ணைப் படிக்க விடுங்கள்

கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு குடும்பம். ஹைஸ்கூல் முடித்த மகள், வீடு விற்றுத்தரும் வேலைக்கான ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்றதும் வீடே கலங்கிப்போயிருக்கிறது. கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ப்பதா, அவள் போக்கில் விடுவதா என்று கேட்கும் அந்தப் பெற்றோருக்கு என் பதில் இது. உங்கள் பயம் புரிகிறது, ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு வருஷம் போய்விடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பெண்ணை, மாமா பையன் அதைத்தான் படித்தான், சித்தி என்ன நினைப்பாள் என்பதற்காகப் பெரிய கடன் வாங்கி வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்காதீர்கள். அந்தத் தவணையை மாமாவும் கட்டமாட்டார், சித்தியும் கட்டமாட்டாள்.

அவள் விருப்பம் வெறும் பேச்சில்லை. உங்கள் வீட்டுக் கடன் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "நாம கடன் வாங்கினது பேங்க்ல, இந்த டிரஸ்டி யாரு?" என்று கேட்டிருக்கிறாள். லைசென்ஸ் பரீட்சைக்குப் படிப்பவர்களே தடுமாறும் இடம் அது. டீட் ஆஃப் டிரஸ்டில், அதாவது வீட்டைக் கடனுக்கு ஈடாக வைக்கும் பத்திரத்தில், கடன் வாங்கியவர்தான் டிரஸ்டர், கொடுத்த வங்கி பெனிஃபிஷியரி. டிரஸ்டி நடுவில் நிற்கும் மூன்றாம் ஆள். தவணை தவறினால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை விற்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது, கடன் முழுதும் தீர்ந்தால் ரீகன்வேயன்ஸ், அதாவது வீட்டை ஈட்டிலிருந்து விடுவிக்கும் பத்திரம், எழுதித்தருவதும் அவர்தான். இப்படி யாருக்கு என்ன உரிமை என்று படம் போட்டுப் படித்தால் மற்ற சொற்களும் பிடிபடும். ஒரே வீட்டைச் சிலர் சேர்ந்து வைத்திருக்கும்போது, ஜாயின்ட் டெனன்சியில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மிச்சமிருக்கும் கூட்டாளிக்கே போகும், டெனன்சி இன் காமனில் அவருடைய வாரிசுக்குப் போகும். பக்கத்து மனையின் வழியாகப் போகும் பாதை உரிமை, அதாவது ஈஸ்மென்ட், மனைக்கே சேர்ந்தது என்றால் வீடு கைமாறினாலும் கூடவே வரும். மின்கம்பி கொண்டுபோகும் கம்பெனிக்கு இருக்கும் உரிமை அப்படி எந்த மனையோடும் ஒட்டியதில்லை. எதையும் அகராதி மாதிரி மனப்பாடம் செய்யவேண்டாம், கேள்வி ஒரு சின்னக் கதையாகத்தான் வரும்.

லைசென்ஸுக்கு வயது 18 ஆகியிருக்கவேண்டும். மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் 45 மணி நேரம், மொத்தம் 135. கம்யூனிட்டி காலேஜிலேயே படிக்கலாம். பரீட்சையில் 150 கேள்விகள், 70 சதவீதம் வாங்கினால் பாஸ், அதாவது 105 சரியாக இருக்கவேண்டும்.

சரி, வருமானம்? இதில் நான் மழுப்பமாட்டேன். லைசென்ஸ் வந்தாலும் தனியாகத் தொழில் செய்யமுடியாது, ஒரு புரோக்கரின் கீழ்தான் வேலை. பெரும்பாலும் கமிஷன்தான், மாதச் சம்பளம் கிடையாது. முதல் வீடு விற்கும்வரை கையில் காசு வராது, ஏஜென்ட்கள் சங்கச் சந்தா, விற்பனைக்கு வரும் வீடுகளின் பட்டியலுக்கான லிஸ்டிங் கட்டணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதனால் பகுதி நேர வேலையை அவள் விடக்கூடாது, ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவைத்த பிறகே முழுநேரமாக இறங்கட்டும். இப்போதைக்கு அந்த மூன்று பாடங்களில் அடிப்படையான பிரின்சிபிள்ஸ் பாடம் ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். அதை முடித்த பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் அடுத்த இரண்டுக்கும் கட்டலாம். கல்விக் கடன் விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.