பந்தைப் பார்க்காத பெண்ணுக்கு எந்தக் கல்லூரி?

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்குக் கலிஃபோர்னியாவில் பெயர்பெற்ற தனியார் பல்கலை ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. சொந்தபந்தம் எல்லாம் வாழ்த்துச் சொல்லி முடித்தாயிற்று. மகளோ டெக்சஸ் அரசுப் பல்கலையில் புள்ளியியல் சேர்கிறேன், அமெரிக்கக் கால்பந்தில் வீரர்களை எடைபோடும் ஸ்கவுட் ஆகப்போகிறேன் என்கிறாள். "மேட்ச் ஓடும்போது பந்தையே பார்ப்பதில்லை சார். ஓரத்தில் நிற்கிற தடியனின் காலைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதுகிறாள்" என்று அவள் எழுதிய ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

பயம் இருக்கட்டும் அம்மா, முதலில் ஃபீஸ் தாளை எடுங்கள். அந்த ரகப் பல்கலைகளில் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தொடுகிறது, சிலவற்றில் தாண்டுகிறது. டெக்சஸ்வாசிக்கு அரசுப் பல்கலையில் அதில் பாதிகூட ஆகாது. மீதியை, அரசு பெற்றோர் பெயரில் தரும் பேரன்ட் பிளஸ் கல்விக் கடனில் போட்டுக்கொள்ளலாம் என்று நியூஜெர்சி பெரியப்பா சொன்னாராம். அந்தக் கடனின் வட்டி 9 சதவீதத்தை ஒட்டி ஓடுகிறது. கட்டப்போவது பெரியப்பா இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸின் அருமை பெருமையை நான் எழுதப்போவதில்லை. அதற்கு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவே போதும்.

இனி அந்த நோட்டுக்கு வருவோம். "2வது கிக்கில் இடுப்பு திறந்துவிட்டது, உள்பக்கம் காலி" என்று ஒரு வரி. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அஃபென்சிவ் டேக்கிளை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன் குவார்ட்டர்பேக். அவன் முன்னால் காவலாக நிற்கும் ஐந்து பேரில் இரண்டு கோடியிலும் நிற்பவர்கள் டேக்கிள்கள். ஆறடி ஐந்து அங்குலம், 310 பவுண்ட் என்பது அங்கே சாதாரண உடம்பு. பந்து கிளம்பியதும் டேக்கிள் வெளிக்காலை உதைத்துப் பின்வாக்கில் சறுக்க வேண்டும், அதுதான் கிக். வெளிப்பக்க வேகத்துக்குப் பயந்து இடுப்பைச் சீக்கிரமே ஓரக்கோட்டுப் பக்கம் திருப்பிவிட்டால், எதிராளி உள்பக்கமாக வெட்டி நுழைந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிடுவான். டிவியில் பார்ப்பவருக்கு அவன் விழுந்ததுதான் தெரியும். உங்கள் மகளுக்கு அதற்கு ஒரு நொடி முந்தைய காரணம் தெரிந்திருக்கிறது.

இந்த வேலை நடக்கும் விதத்தையும் கேளுங்கள். ஒரு கல்லூரி டேக்கிளுக்குக் குறைந்தது மூன்று, நான்கு மேட்ச் பார்க்க வேண்டும். அதில் ஒன்றாவது அவன் சந்தித்ததிலேயே வலுவான எட்ஜ் ரஷருக்கு, அதாவது ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் தாக்க வருபவனுக்கு எதிரானதாக இருக்க வேண்டும். பந்தைக் கிளப்பி ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு ஸ்நாப். ஒரு மேட்சில் 70 ஸ்நாப் இருந்தாலும் அவனை உண்மையில் சோதிப்பவை பத்துப் பதினைந்துதான் தேறும். கல்லூரி அணிகள் பந்தைச் சட்டென்று கைமாற்றிவிடும் ஆட்டங்களை நிறைய ஆடுவதால், டேக்கிள் இரண்டு நொடி சமாளித்தாலே தப்பித்துவிடுகிறான். அவற்றையும், தாக்குபவர்களை வேண்டுமென்றே உள்ளே விட்டுப் பக்கத்தில் எறியும் ஸ்கிரீன் பாஸ்களையும் கழித்துவிட்டு, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஏழெட்டு யார்டு வேண்டிய நிலையில் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். பந்தோடு சேர்ந்து கிளம்புகிறானா, அரை நொடி தாமதமா? சறுக்கும்போது இரண்டு பாதமும் முட்டிக்கொள்கின்றனவா? கைகள் எதிராளியின் நெஞ்சில் விழுகின்றனவா, தோளுக்கு வெளியே போய், பிடித்து இழுத்ததற்கான ஹோல்டிங் அபராதம் வாங்குகின்றனவா? நேராக மோதித் தள்ளும் புல் ரஷ்ஷில் இரண்டடி பின்னால் போய் முழங்காலை மடக்கி நின்றுவிட்டால் தேறிவிடுவான். இடுப்பில் குனிபவன் நிற்க மாட்டான்.

புதிதாக வருபவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஜனவரி இறுதி வாக்கில் அலபாமாவின் மொபைல் நகரில், தேர்ந்த கல்லூரி வீரர்கள் ஆடும் சீனியர் பவுல் ஆட்டத்துக்கான பயிற்சி நடக்கும். அங்கே ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சியில் டேக்கிள் தோற்றதைப் பார்த்து மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். டேக்கிளுக்கு அடுத்து உள்பக்கம் நிற்கும் கார்டு துணைக்கு இல்லாத வெட்டவெளி அது, தாக்குபவனுக்கே சாதகம். இன்னொன்று, கல்லூரி வீரர்களின் உடல்திறனை அளக்க இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன். அங்கே 40 யார்டு ஓட்டத்தைப் பார்த்து மயங்குவார்கள். டேக்கிள் எந்த மேட்சில் 40 யார்டு நேராக ஓடுகிறான்? அதே ஓட்டத்தின் முதல் 10 யார்டு நேரம்தான் கொஞ்சமாவது பேசும்.

கை நீளமும் அப்படித்தான். தோள் எலும்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளப்பார்கள்; 34 அங்குலம் இருந்தால் முகம் மலரும். ஜோ தாமஸுக்கு 32½ தான். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2007இல் மூன்றாவது ஆளாக அவரை கிளீவ்லாந்து அணி எடுத்தது. தொடர்ந்து 10,363 ஸ்நாப் ஆடினார், 2023இல் ஹால் ஆஃப் ஃபேம். 2018 காம்பைனில் ஆர்லாண்டோ பிரவுன் 40 யார்டை 5.85 நொடியில் ஓடி, 225 பவுண்டை 14 முறை மட்டும் தூக்கி, டிராஃப்டின் மூன்றாம் சுற்றுக்குச் சரிந்தார். அதன்பின் பலமுறை, சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார். அதற்காக அளவு வேண்டாம் என்று அர்த்தமில்லை. கை குட்டையாக இருந்தால் கால் அதை ஈடுகட்டுகிறதா என்று வீடியோவில் தேட வேண்டும், அவ்வளவுதான். பல்கலையின் ரேங்கை மட்டும் பார்த்து வாழ்த்துச் சொன்ன உங்கள் சொந்தக்காரர்கள், ஸ்டாப்வாட்ச் பிடித்த ஸ்கவுட் மாதிரி.

இப்போது ஏன் அரசுப் பல்கலை? டிவி கேமரா பந்தின் பின்னால் ஓடும். டேக்கிள் பாதியில் திரையை விட்டுப் போய்விடுவான். 22 பேரும் தெரியும் உயரக் கோணப் படமும், கோல் பக்கத்திலிருந்து எடுத்த படமும் கிடைக்கும் இடம் அணியின் அலுவலகம். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் டிவிஷனின் பெரிய அணிகளில், வீரர்களைத் தேடித் தேர்வுசெய்யும் பிளேயர் பெர்சனெல் பிரிவுக்கு மாணவ உதவியாளர்கள் தேவைப்படுவார்கள். நீங்கள் எழுதியபடி அந்தத் தனியார் பல்கலையின் அணி மூன்றாம் டிவிஷன். அங்கே இந்த வாசலே இல்லை.

வேலை, தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 32 அணிகளோடு முடிவதும் இல்லை. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத் தீர்வுக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், கல்லூரிகளே வீரர்களுக்கு முதலாண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை பங்கிட்டுக் கொடுக்கலாம். பணம் கொடுத்தால் எடைபோட ஆள் வேண்டாமா? பெண்ணுக்கு இடமா என்று கேட்பவரிடம், கிளீவ்லாந்தின் துணைப் பொதுமேலாளர் பொறுப்புக்கு 2022இல் கேத்ரின் ரைஷ் வந்ததைச் சொல்லுங்கள்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. தொடக்கச் சம்பளம் சொற்பம். விமான நிலையத்துக்கு ஆளை அழைக்கப் போவதும் வேலைதான். ஸ்கவுட்டுகளின் ஒப்பந்தம் டிராஃப்டோடு முடிவது வழக்கம், மே மாதத்தில் சிலர் வேலையிழந்து வீட்டில் உட்கார வேண்டிவரும். ஆகவே புள்ளியியலை விடக் கூடாது. ரிக்ரஷன் கணக்கும், ஆர், பைதான் என்ற நிரல்மொழிகளும் கைவசம் இருந்தால் காப்பீட்டு நிறுவனமும் கூப்பிடும். கணக்கைக் கைவிட்டு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டுக்கு மாறுகிறேன் என்றால் மட்டும் குறுக்கே நில்லுங்கள். என்எஃப்எல் நடத்தும் பிக் டேட்டா பவுல் போட்டியில், நொடிக்குப் பத்து முறை பதிவான வீரர்களின் நகர்வுத் தரவைத் தருகிறார்கள். 2023 போட்டியின் தலைப்பே பாஸ் ஆட்டங்களில் லைன்மேன்களை மதிப்பிடுவதுதான். கல்லூரி மூன்றாமாண்டுக்குள் அவள் ஒருமுறையாவது அதில் கலந்துகொள்ளட்டும்.

கோடையில் வாரம் ஒரு டேக்கிள், மூன்று மேட்ச், ஒரே பக்க அறிக்கை. டேக்கிள் தோற்ற ஸ்நாப்களை, மேட்சின் எந்தக் குவார்ட்டர், எந்த நிமிடம் என்பதோடு குறிக்கட்டும். அந்த அறிக்கைகளில் சிறந்த இரண்டை இணைத்து, அரசுப் பல்கலை அணியின் பிளேயர் பெர்சனெல் இயக்குநருக்கு ஜூனிலேயே மின்னஞ்சல் அனுப்பட்டும்; பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. காசு கட்டும் ஆன்லைன் ஸ்கவுட்டிங் கோர்ஸ் எதுவும் இப்போது வேண்டாம்.

முன்பணக் கெடு மே 1. அரசுப் பல்கலைக்குக் கட்டிவிட்டு, அதே கையோடு விடுதிக்கும் பதிந்துவிடுங்கள். அணியின் பயிற்சி முகாம் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். வகுப்பு திறக்கிற வரை காத்திருந்தால் உதவியாளர் இடங்கள் நிரம்பியிருக்கும்.