வேறொருவர் கெடுத்த முடியைச் சரிசெய்தவருக்கு டிப்ஸ் தரவேண்டுமா?

ஒரு கடையில் முடியைக் கோணல்மாணலாக வெட்டிவிட்டார்கள், இன்னொரு கடையில் சரிசெய்தார்கள், அவருக்கு டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் 20 விழுக்காடு என்று படித்தீர்களாம்.

அது அமெரிக்கக் கணக்கு, மறந்துவிடுங்கள். அங்கே உணவகத்தில் பரிமாறுபவருக்கு டிப்ஸ் எப்படியும் கிடைக்கும் என்று சொல்லி, முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியை மத்தியச் சட்டத்தில் மணிக்கு 2.13 டாலராக 1991 முதல் அப்படியே வைத்திருக்கிறார்கள். டிப்ஸை நம்பிப் பிழைப்பு நடக்கும் ஊர், சலூனிலும் அதே பழக்கம். சிங்கப்பூரில் அப்படியில்லை. பல உணவகங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் பில்லிலேயே ஏறிவிடுகிறது, அதன் தலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. அதற்குமேல் மேசையில் யார் காசு வைத்துவிட்டு வருகிறார்கள்? முடிவெட்டும் இடத்திலும் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுக்கும் பத்து நிமிடக் கடைகளில் டிப்ஸ் என்ற பேச்சே கிடையாது.

ஆனால் கெட்டதைச் சரிசெய்வது கொஞ்சம் வேறு விஷயம். செய்தது யார் என்று பார்க்கவேண்டும்.

கெடுத்த கடையே சரிசெய்து கொடுத்தால் டிப்ஸ் மட்டுமல்ல, இரண்டாவது முறை காசே தரவேண்டாம். அது அவர்கள் கடன். ஓரிரு நாளுக்குள் போய்ச் சொன்னால் பெரும்பாலான கடைகள் முனகாமல் செய்து தரும். இரண்டு வாரம் கழித்துப் போய் நின்றால் முடி வளர்ந்திருக்கும், நியாயமும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

வேறு கடை என்றால் நான் தருவேன். ஏன் என்று சொல்கிறேன். என் அக்கா மகனுக்கு ஒரு பேரங்காடிக் கடையில் காதுக்கு மேல் ஒரு பக்கம் நம்பர் 1, இன்னொரு பக்கம் நம்பர் 3 ஓட்டிவிட்டார்கள். அதாவது ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர், மறுபக்கம் ஏறக்குறைய 10. மறுநாள் பள்ளி. பையனை லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் ஓர் அண்ணனிடம் கூட்டிப்போனேன். அவர் எங்கே வெட்டியது, யார் வெட்டியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையை டியூப்லைட் பக்கம் திருப்பி, சீப்பால் முடியை எதிர்ப்பக்கமாக வாரிப் பார்த்தார். “தம்பி, இந்தப் பக்கம் ஒட்ட எடுத்துட்டாங்க. அந்தப் பக்கத்தையும் இதுக்குச் சமமா இறக்கித் தர்றேன். ஆனா மேல கை வெச்சா மண்டை தெரியும். மூணு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, அப்ப ஷேப் பண்ணிடலாம்” என்றார். மெஷினைக் கீழ்ப்பகுதிக்கு மட்டும் எடுத்தார். மற்றதெல்லாம் சீப்பும் கத்தரியும்தான். புதிதாக வெட்டுவதைவிட இரு மடங்கு நேரம் ஆனது, பின்னால் பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். கேட்டது வழக்கமான வெட்டுக்காசு. மேலே கை வைக்கமாட்டேன் என்று சொன்னாரே, நான் கூடுதலாகக் கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலாக வளரும், அவ்வளவுதான். காசு வருகிறதே என்று இன்னும் வெட்டித் தள்ளுகிறவரிடம் மாட்டினால் வெட்டக்கூட ஒன்றும் மிஞ்சாது.

சரி, எவ்வளவு? பத்துப் பன்னிரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வெட்டுக்கு இரண்டு, மூன்று வெள்ளி. நாற்பது ஐம்பது வெள்ளி வாங்கும் சலூனில் ஐந்து போதும், பத்து தாராளம். விழுக்காடு போட்டுப் பார்க்க வேண்டாம். சீனர் கடையில் மட்டும் நான்கு வெள்ளியைத் தவிருங்கள், அந்த எண் அவர்களுக்கு ஆகாது.

நோட்டாகக் கையில் கொடுங்கள். கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் க்யூஆரில் கூட்டிப் போட்டால் அது முதலாளி கணக்குக்குப் போகும், வெட்டியவருக்கு வந்து சேருமா என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. சிலர் வாங்க மாட்டார்கள். தோ பாயோவில் என் மனைவி போகும் கடைச் சீன அக்கா “வேண்டாம் லா” என்று கையைத் தள்ளிவிடுவார். வற்புறுத்தினால் அவருக்குத்தான் சங்கடம். அடுத்த முறை கீழே காப்பிக்கடையில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு போனால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் பல கடைகளில் விலையையே ஏற்றிவிடுவார்கள், அப்போது டிப்ஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம். பழகிய கடை என்றால் ஓர் அங் பாவ் (சிவப்பு உறையில் வைத்த அன்பளிப்புப் பணம்) கொடுக்கலாம், நம்மவர் கடையில் தீபாவளிக்கு.

இன்னொன்று. பெரிய சலூன்களில் உங்களிடம் டிப்ஸ் கேட்கமாட்டார்கள், பேக்கேஜ் கேட்பார்கள். கெட்ட முடியோடு வந்தவர் பயந்துபோய் எதற்கும் தலையாட்டுவார் என்று அவர்களுக்குத் தெரியும். உட்காருவதற்கு முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாத ட்ரீட்மென்ட்டுக்கு முன்பணம் மட்டும் கட்டாதீர்கள்.

உங்களுடையது வெட்டு இல்லாமல் சாயம் சம்பந்தப்பட்டதென்றால் கணக்கு வேறு. அதைச் சரிசெய்யப் பல மணி நேரம் ஆகும், கட்டணமே நூற்றுக்கணக்கில் வரும், அதில் அவர்கள் உழைப்புக்கான காசு அடங்கிவிட்டது. அங்கே கொடுப்பதாக இருந்தால், மூன்று தடவை தலையை அலசிவிட்ட உதவியாளர் பிள்ளையைத் தேடி அஞ்சு வெள்ளி கொடுங்கள்.