வாய்க்கால் எத்தனை மீட்டர்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். கிராமசபை பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். மக்கள் அதிகாரிகளைக் கேள்வி கேட்கக் கேட்கத்தான் ஊர் உருப்படும் என்கிறீர்கள். நான் கடலூர் மாவட்டத்தில் 31 வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சொன்னதைக் கேட்பார்கள், வேலையும் நடந்தது. கடைசிப் பத்து வருடம் எதற்கெடுத்தாலும் கேள்வி, எதற்கெடுத்தாலும் மனு. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஆள் நாற்பது மனு போடுவார். அப்புறம் டீக்கடைக்குக் கூப்பிட்டு, "பார்த்துச் செய்யுங்க சார், வாபஸ் வாங்கிக்கிறேன்" என்பார். வாட்ஸாப்பில் தடுப்பூசியையே கேள்வி கேட்கிறார்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை இருபது வருடமாகக் கேள்வி கேட்டார்களே, சிப்காட் போய்விட்டதா? கேட்கிறவன் எல்லாம் யோக்கியனா?

சொந்த விஷயம் ஒன்று. எனக்கு வரவேண்டிய ஓய்வூதிய நிலுவை ஏழு மாதமாக நகரவில்லை. நேரில் போனால் "ஃபைல் மேலே இருக்கு" என்கிறார்கள். மனு போடச் சொல்கிறான் மகன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், கூச்சமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம்.
நெல்லிக்குப்பம்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் கோபமெல்லாம் முதல் பத்தியில் இருக்கிறது, விஷயம் இரண்டாவது பத்தியில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

"சொன்னதைக் கேட்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மொழியில் வேடிக்கையான சொல் இது. வாத்தியார் சொல்வதைக் கேட்டால் பணிவு. வாத்தியாரையே கேட்டால் திமிர். ஒரே வினைச்சொல்தான், வேற்றுமை உருபு கொஞ்சம் இடம் மாறினால் நல்ல பிள்ளை கெட்ட பிள்ளையாகிவிடுகிறான்.

ஆனால் கேள்வி உங்களுக்குப் புதிதில்லையே ஐயா. வருடா வருடம் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்கிற ஜமாபந்தி வருமே. என் பெரியப்பா உங்கள் துறையில் இருந்தவர். அந்த நாட்களில் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. 'அ' பதிவேடு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல், சிட்டா என்று நிலக் கணக்குகளைத் திண்ணை முழுக்க விரித்துவைத்து, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். மேலதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். அந்தக் கேள்வியை அவரோ நீங்களோ அவமரியாதையாக நினைத்ததில்லை. அது மேலேயிருந்து வந்தது. அதே கேள்வியைத் தோளில் துண்டு போட்ட ஒருவர் கீழேயிருந்து கேட்கும்போதுதான் சுருக்கென்றிருக்கிறது.

மேலே இருப்பவர் கேட்டாலே போதுமே என்று நீங்கள் சொல்லலாம். போதாது. மேலே இருப்பவர் தாளைத் தாளோடுதான் ஒத்துப் பார்ப்பார். அடங்கலில் கரும்பு நிற்கும், நிலத்தில் சவுக்கு நிற்கும். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். தாளைத் தரையோடு ஒத்துப் பார்க்க அங்கேயே குடியிருக்கிறவர்களால்தான் முடியும். நான் சொல்ல வந்தது மொத்தமும் இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் இதற்கான சாட்சியம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் 15 அன்று, பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமசபைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வேப்பமரத்தடியில் சாமியானா, வாடகை நாற்காலி, பாதி நாற்காலியில் ஆளில்லை. ஊராட்சிச் செயலர் வரவு செலவைத் தந்தி வேகத்தில் படித்துக்கொண்டே போனார். "கழிவுநீர் வாய்க்கால் அமைத்தல், நூற்று நாற்பது மீட்டர்" என்று வந்தபோது, மிக்சர் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா எழுந்தார். குரலில் சண்டையே இல்லை.

"எங்க தெரு மொத்தமே நூறு மீட்டர் வராதே சார். மிச்சம் எங்க ஓடுது?"

எல்லோரும் சிரித்தார்கள். செயலரும் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அங்கே வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி போடுவார்கள், ஓர் அடி குறைந்தாலும் கூலி குறையும். பள்ளத்தின் நீளம் அகலம் ஆழத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் கண் அது. யாரோ ஒரு பையன் ஓடிப்போய் டேப் கொண்டுவந்தான். கூட்டம் அப்படியே எழுந்து தெருவுக்குப் போனது. நானும் போனேன். டேப்பின் ஒரு முனையை அந்த அம்மாவே காலால் மிதித்துக்கொண்டு நின்றார். 92 மீட்டர்.

அப்புறம் தெரிந்தது, மதிப்பீடு இரண்டு தெருவுக்கும் சேர்த்துப் போட்டது, இரண்டாவது தெருவில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. கணக்கில் ஒரு பைசா பிசகில்லை. பில் இருந்தது, அளவுப் புத்தகம் இருந்தது, வேண்டிய கையெழுத்தெல்லாம் இருந்தது. வாய்க்கால்தான் இல்லை. தை பிறப்பதற்குள் இரண்டாவது தெருவில் 30 மீட்டர் கட்டினார்கள். பாக்கி 18 மீட்டர் எனக்குத் தெரிந்து இன்னும் கட்டவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் பில் நகல்களைக் கையோடு கொண்டுவந்தார் என்று கேள்வி. அந்த அம்மாவுக்கு அதன் பிறகு இரண்டு வாரம் வேலை கொடுக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் கதை விடுகிறேன் என்று ஆகிவிடும்.

தகவல் உரிமைச் சட்டமே இந்த மாதிரி டேப் பிடித்து வந்த சட்டம்தான். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற கூலிக்காரர்களின் அமைப்பு, 1994 முதல் ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தியது. வருகைப் பதிவேட்டைச் சத்தமாகப் படிப்பார்கள். செத்துப்போனவர் பெயருக்கு நேரே கூலி வாங்கியதாக இருக்கும். அவர் செத்தது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஜெய்ப்பூரில் இருந்த தணிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? நம் தமிழ்நாடு 1997லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. நீங்கள் அப்போது பணியில் இருந்தீர்கள். அதன்படி ஒரு மனுவாவது உங்கள் மேசைக்கு வந்ததா? விதிவிலக்குகள் அவ்வளவு. 2005இல் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் மனு உங்களைத் தேடி வந்தது.

சரி, சிப்காட்.

உப்பனாற்றங்கரையில் இருக்கிற குடிகாடு, ஈச்சங்காடு ஊர்க்காரர்களிடம் ரொம்ப நாளாக ஒரே புகார்தான்: ராத்திரியில் நாற்றம், கண் எரிச்சல், மூச்சுத் திணறல். பகலில் யாராவது ஆய்வுக்கு வந்தால் காற்று சுத்தமாக இருக்கும். "ஏதோ நாத்தம்" என்றால் எந்த அலுவலகமும் எழுதிக்கொள்ளாது. 2004 வாக்கில் அந்த ஊர்க்காரர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்றில், எந்த மாதிரி வாடை என்று நோட்டில் குறிப்பார்கள். அழுகிய முட்டை என்றால் ஒன்று, அழுகிய முட்டைக்கோஸ் என்றால் இன்னொன்று, நகப்பூச்சு வாடை என்றால் வேறொன்று. கூடவே ஒரு வாளி. சாதாரண பிளாஸ்டிக் வாளிதான். உள்ளே காற்றுப் புகாத ஒரு விசேஷப் பை, வெளியே ஒரு வால்வு, உறிஞ்ச ஒரு பம்பு. வாடை வரும்போது வால்வைத் திறந்தால் அந்த நிமிடத்துக் காற்று பையில் ஏறிவிடும். அதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் 20க்கும் மேற்பட்ட நச்சு ரசாயனங்கள் தெரிந்தன, அதில் சில புற்றுநோய் தருபவை. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு நேரில் வந்து பார்த்தது. அதுவரைக்கும் "நாத்தம்" என்று இருந்த ஒன்றுக்குப் பெயரும் அளவும் வந்தது. நம் நாட்டின் காற்றுத் தர விதிகளில் அப்போது புற்றுநோய் தரும் பென்சீனுக்கு என்று ஒரு வரம்பே கிடையாது. 2009 நவம்பரில்தான் சேர்த்தார்கள். கடலூர்க்காரர்கள் கேட்டதால்தான் சேர்த்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வரம்பு இல்லை என்பதே இந்த மாதிரிக் கேள்விகளால்தான் பலருக்கும் உறைத்தது என்று மட்டும் சொல்வேன்.

சிப்காட் போகவில்லை, நிஜம். அங்கே வேலைக்குப் போகிறவர்களும் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். போகச் சொல்லித்தான் எல்லோரும் கேட்டார்கள் என்றும் இல்லை. பதில் உடனே வந்தால்தான் கேள்வி என்று வைத்துக்கொண்டால், உங்கள் மாவட்டத்து அஞ்சலை அம்மாளை என்ன செய்வது? கடலூர் முதுநகரில் பிறந்தவர். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய கர்னல் நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் வைத்திருந்த சிலையை எடு என்று 1927இல் மகளோடு போராடிச் சிறைக்குப் போனார். சிலையை எடுத்தது 1937இல்.

தடுப்பூசி விஷயத்தில் உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரே நேரத்தில் தொடங்கியபோது, வாட்ஸாப்பில் வந்ததையெல்லாம் நம்பி என் தங்கையே பிள்ளைக்குப் போட மாட்டேன் என்றாள். புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கிறாள், பட்டதாரி. நான் போனில் அதட்டினேன், போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வந்திருக்கிறார். அதட்டவில்லை. அவர்தான் கேள்வி கேட்டிருக்கிறார். "எந்த ஊர்லம்மா, எந்த ஸ்கூல்ல, எந்தப் பிள்ளைக்கு ஆச்சு? பேரு சொல்லுங்க, நான் போயே பார்த்துட்டு வரேன்." தங்கை அந்தச் செய்தியை அனுப்பியவரைக் கேட்டாள், அவர் அவருக்கு அனுப்பியவரைக் கேட்டார். கடைசிவரைக்கும் ஓர் ஊர்ப் பெயர் கிடைக்கவில்லை. மறுநாள் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். வாய்க்கால் அம்மா கையில் 92 மீட்டர் இருந்தது. இங்கே டேப்பை எங்கே வைத்து அளப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. வதந்தியைக் கேள்வி என்று நான் எண்ண மாட்டேன். ஆனால் என் அதட்டல் அதைத் தீர்க்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நாற்பது மனு போட்டு டீக்கடைக்குக் கூப்பிட்ட ஆளை நானும் பார்த்திருக்கிறேன். பேனாவும் பையுமாக எல்லா ஊரிலும் ஒருத்தர் இருக்கிறார். அவர் விற்கிற சரக்கு என்ன என்று யோசியுங்கள். பூட்டிவைத்த தாளைத்தான் விற்கிறார். உங்கள் துறையையே பாருங்கள். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதை வைத்து இன்று எவரும் கிராம நிர்வாக அலுவலரை மிரட்ட முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்பதற்கு முன்பே நீங்களாகவே வெளியிடுங்கள் என்று அலுவலகங்களுக்குச் சொல்கிறது. அந்தப் பிரிவை ஒழுங்காகச் செய்த அலுவலகம் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. இரண்டு கிராமத்துக்குக் கூடுதல் பொறுப்பையும் வைத்துக்கொண்டு நாற்பது மனுவுக்குப் பதில் எழுதிய உங்கள் சிரமம் நிஜம், அதைச் சின்னதாக்கிப் பேச மாட்டேன். தட்டிக் கேட்க ஆளில்லை என்றால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்கள். மனு போடுகிற தம்பிக்கும் அது பொருந்தும்தான். அவரையும் ஊர் கேட்க வேண்டும்: மனு போட்டாயே, என்ன பதில் வந்தது, காட்டு என்று.

இப்போது உங்கள் நிலுவை.

மகன் சொல்வது சரி. ஆனால் "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். அது விளக்கம், தகவல் ஆகாது என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். அந்த மாதிரிப் பதில் நீங்களே எழுதியிருப்பீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள். உங்கள் விண்ணப்பம் எந்தத் தேதியில், எந்த எண்ணில் பதிவானது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கோப்பு எந்தப் பிரிவில், எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தது. அதில் எழுதப்பட்ட குறிப்புப் பக்கங்களின் நகல். இந்த மூன்று போதும். "ஃபைல் மேலே இருக்கு" என்றால் எத்தனாவது மாடியில் என்று தெரிந்துவிடும்.

வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் கையில் கிடைத்து 30 நாள். அதற்குள் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மகனை எழுதச் சொல்லாதீர்கள், உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். 31 வருடம் அடங்கல் எழுதிய கை அல்லவா, அந்த அலுவலகத்தில் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் பார்த்ததும் அடையாளம் தெரியும். கூச்சம் அவர்களுக்கும் கொஞ்சம் வரட்டுமே.

முப்பதாவது நாள் என்றைக்கு விழுகிறது என்று காலண்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் எனக்கு ஒரு வரி போடுங்கள், மேல்முறையீட்டைச் சேர்ந்தே எழுதுவோம்.