குண்டூசி தேடியவர்கள்

அன்புள்ள அக்கா,

ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 46. வலது குதிகாலின் பின்பக்கம் எலும்பு முள் வளர்ந்து மூன்று வருடம் வலியோடு ஓட்டினேன். மாத்திரை, பிசியோ, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, சூடான செங்கல் மேல் எருக்கிலை வைத்து மிதிப்பது எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. ஐந்து வாரம் முன்பு ஆபரேஷன் செய்துகொண்டேன். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். இப்போது காலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பூட் போட்டிருக்கிறேன். வீக்கம் வடியவில்லை, குதிகால் ஓரம் மரத்துக் கிடக்கிறது. செய்திருக்கவே கூடாதோ என்று ராத்திரியில் தோன்றுகிறது. எல்லோரும் வேலை செய்யும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருக்கிறது. நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பையனுக்கு தோசை சுட்டுக் கொடுத்தேன். யூடியூபில் படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சி ஒன்று பார்த்தேன், தொடங்கலாமா? எங்கள் பள்ளியில் வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது, ஆறு பீரியடும் நின்றுதான் நடத்த வேண்டும் என்பதால் சீக்கிரம் நின்று பழக வேண்டும். உங்களுக்கும் இதே ஆபரேஷன் நடந்ததாக எழுதியிருந்தீர்கள். எத்தனை நாளில் பழையபடி ஆவேன்? முள் மறுபடி வளருமா? இந்த ஓய்வில் படிக்க நாலு புத்தகம் சொல்லுங்கள்.

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

ஏம்மா, அந்தப் பையனுக்கு என்ன வயது? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 46 வயது அம்மாவின் பிள்ளை தொட்டிலில் கிடக்கமாட்டான். கரண்டியைப் பிடிக்கத் தெரிந்திருக்கும், இல்லையென்றால் கடையில் வாங்கிவரக் காசு கொடுத்திருக்கலாம். ஒற்றைக் காலில், அடுப்புக்குப் பக்கத்தில், எண்ணெய் தெறிக்கும் டைல்ஸ் தரையில், ஒரு கை வாக்கரிலும் ஒரு கை தோசைத் திருப்பியிலுமாக நின்றிருக்கிறீர்கள். வழுக்கினால் எந்தக் கால் தானாகக் கீழே போகும்? ஆபரேஷன் செய்த கால்தான் போகும். உடம்புக்கு டாக்டர் சொன்னது நினைவிருக்காது.

அந்தக் குதிகாலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நாம்தான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். கெண்டைக்கால் சதை கீழே இறங்கி, கயிறுபோலத் திரண்டு, குதிகாலெலும்பின் பின்புறத்தில் ஒட்டுகிறது. அந்தக் கயிற்றைத்தான் நாண் என்பார்கள். முள் வளர்ந்தது அந்த ஒட்டுமிடத்தில். அதை எடுக்க வேண்டுமென்றால் கயிற்றை எலும்பிலிருந்து பிரித்து, எலும்பைச் சீவி, எலும்புக்குள் சின்னச் சின்ன முளைகளை இறக்கி, அதில் கோத்த நூலால் கயிற்றைத் திரும்ப இழுத்துக் கட்டுகிறார்கள். இப்போதைக்கு அது பெரும்பாலும் நூலின் பலத்தில்தான் நிற்கிறது. எலும்பும் நாணும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அவ்வளவு குறைச்சல். முருங்கைப் போத்தை நட்டுவிட்டு வேர் பிடித்ததா என்று தினம் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாள் எங்கள் சித்தி. ஒன்றும் தளிர்த்ததில்லை.

எனக்கு ஆபரேஷன் நடந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. முதல் இரண்டு வாரம், பாதம் நடனக்காரிபோல் கீழ்நோக்கி நீட்டியிருக்க, மாவுக்கட்டு. தையல் பிரித்த அன்று வீட்டுக்காரரின் ஷேவிங் கண்ணாடியைக் காலுக்குப் பின்னால் பிடித்து என் குதிகாலைப் பார்த்தேன். ஐம்பத்திச் சொச்சம் வருடத்தில் அதை நான் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. வெடிப்பும் மஞ்சள் மருந்தும் கறுப்பு நூலுமாக, யாரோ ஒரு கிழவியின் கால்போல இருந்தது. அப்புறம் பூட். குதிகாலுக்கு அடியில் மூன்று ஆப்புகள் வைத்து, சில நாளைக்கு ஒன்றாக எடுத்தார்கள். பன்னிரண்டாவது வாரம் செருப்பு. சாயங்கால வீக்கம் ஆறு மாதம் வரை இருந்தது. அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தரையிலிருந்து தூக்க எட்டு மாதம் ஆயிற்று. முழுசாகச் சரியாக ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வாரத்தில் ‘செய்திருக்கவே கூடாதோ’ என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கு தினம் தோன்றியது. மரத்துப்போன இடம் மெல்ல மெல்லச் சுருங்கும், எனக்கு இன்னும் ஒரு ரூபாய் அகலத்துக்கு மிச்சம் இருக்கிறது. ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முள் மறுபடி வளரலாம், பெரும்பாலும் வளராது. எக்ஸ்ரேயில் முள் தெரிந்தும் ஒரு வலியும் இல்லாமல் மலை ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். விட்டுத்தள்ளுங்கள்.

புத்தகம் கேட்டீர்கள். கால் வலிக்கும்போது எனக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. பழைய வார இதழ்களில் துணுக்குகளை மட்டும் படித்தேன்.

படிக்கட்டுப் பயிற்சி வேண்டவே வேண்டாம். அதன் கதை நல்ல கதை, சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் ஹோக்கன் ஆல்ஃபிரெட்சன் என்று ஒரு எலும்பு டாக்டர். அவருக்கே குதிகால் நாணில் வலி. ஆபரேஷன் செய்யுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார், அவர் மறுத்துவிட்டார். சரி, அறுந்து தொலைந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது! 1998இல் அதை ஆய்வாக வெளியிட்டார். ஒரு நாளைக்கு 180 முறை, பன்னிரண்டு வாரம். ஆனால் அது நாணின் நடுவில் வலி உள்ளவர்களுக்கு, அதுவும் வெட்டாத நாணுக்கு. நமக்கு வலி எலும்போடு ஒட்டுமிடத்தில். படிக்குக் கீழே குதிகால் இறங்கினால் எலும்பு நாணை அழுத்தும். பிசியோ டாக்டர் சொல்லும் நாள் வரும்வரை யூடியூபை மூடி வையுங்கள்.

சரி, நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே வேறொரு வரிக்காக. ‘வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது.’ நீங்கள் அதை ஒரு குறையாகக்கூட எழுதவில்லை. ஈரோட்டில் வெயில் அதிகம் என்பதுபோல எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

1987இல், எனக்குப் பத்தொன்பது வயதில், மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றரை வருடம் இருந்தேன். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு வெறுங்காலோடு மாடிக்குப் போக வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை மொசைக் தரை. தீபாவளி மாதம் பத்தரை, பதினொன்று. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம், அப்போது மட்டும் உட்காரலாம். வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரத்திலும் நிற்க வேண்டும். சாய்ந்து நிற்கக் கூடாது. நாங்கள் ஒரு காலை மடித்து மறு காலில் கொக்குபோல நின்று, கால் மாற்றி மாற்றிப் பொழுதைத் தள்ளுவோம். உட்கார்ந்து பிடிபட்டால் சம்பளத்தில் ஐந்து ரூபாய் பிடிப்பார்கள்.

சேலைப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். பொம்மைக்குச் சேலை கட்டுவதில் கெட்டிக்காரர். அந்த வேலைக்குக் குண்டூசி வேண்டும் இல்லையா? மூன்று மணி வாக்கில் அவர் கையிலிருந்து குண்டூசி டப்பா தவறி விழும். ‘ஐயோ, கஸ்டமர் காலில் குத்திவிடும்’ என்று அவரும் நாங்கள் நான்கைந்து பேரும் கவுன்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பொறுக்குவோம். ஒவ்வொன்றாக. ஒரு ஊசியை எடுக்க எத்தனை நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? எங்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். பொறுக்கியதை மறுபடி தட்டிவிட்டதும் உண்டு. அந்தக் குளிர்ந்த தரையில் குதிகால் இளகும்போது ஒரு சுகம் வரும் பாருங்கள், இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மாடி சூப்பர்வைசர் ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் மூங்கில் குச்சியின் நுனியில் காந்தம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே பொறுக்கிவிடலாமாம்!

இத்தனைக்கும் ஜவுளிக்கடை என்பதே உட்கார்ந்து வியாபாரம் நடந்த இடம். சின்ன வயதில் தாத்தாவோடு போன கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், நாமும் உட்காருவோம், சேலை நடுவில் விரியும். கண்ணாடி கவுன்டர் வந்தது, ஷோரூம் என்று பெயர் மாறியது, பெண்களை வேலைக்கு வைத்தார்கள், மெத்தையை எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு மரியாதை என்றார்கள். நம் ஊரில் யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதை வைத்தே ஒருவருடைய இடத்தைச் சொல்லிவிடலாம். திண்ணையில் யார், தரையில் யார், டீக்கடை பெஞ்சில் யார் என்று சண்டை நடந்த ஊர்கள்தானே நம்முடையவை. கடை முதலாளி அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைச் சம்பளப் பட்டியலில் ஏற்றினார்.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதற்காகத் தெருவில் இறங்கினார்கள். விஜி என்கிற தையற்காரப் பெண் முன்னால் நின்றார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் நாற்காலி. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் அப்படியொரு திருத்தம் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை கொடுக்க வேண்டும், வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். இதற்கு ஒரு சட்டம்! செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு நான் அழுதேன் என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். போன வருடம் ஒரு கடைக்குப் போனேன். ஸ்டூல் இருந்தது. அதன் மேல் சட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

என் குதிகால் முள் அந்த மூன்றரை வருடத்தில்தான் முளைத்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். எலும்பின் அமைப்பு, இறுகிய கெண்டைக்கால், உடல் எடை, வயது என்று நாலு காரணம் சொல்வார்கள். நியாயம்தான். ஆனாலும் 1892இல் ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்தார், எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று. ஆறு பீரியட், இத்தனை வருடம். கணக்கு டீச்சர் நீங்கள், பெருக்கிப் பாருங்கள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களைத் திட்டினேன் அல்லவா, நானும் உட்காரவில்லை. ஹாலில் நாற்காலி, காலுக்கு ஸ்டூல், மேலே இரண்டு தலையணை. குளிக்கும்போது காலைச் சுற்றிக் கட்ட ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு. யாரும் என்னை எழுப்பவில்லை. வீட்டுக்காரர் சாதம் வடித்தார், குழைந்தது, சாப்பிட்டோம். ஆனால் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் என் கை தானாகப் பூண்டைத் தேடும். சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாதே! வீட்டுப் பூண்டு தீர்ந்ததும் எதிர்வீட்டுப் பூண்டை வாங்கி உரித்தேன். நான்காவது வாரம் நகக்கண் எரிந்தபோதுதான் உறைத்தது. சூப்பர்வைசர் இல்லை, கவுன்டர் இல்லை, முப்பது வருடம் தாண்டிவிட்டது, நான் இன்னும் குண்டூசி பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தோசையும் அதுதான், எம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எத்தனை நாளில் நிற்கலாம் என்று கேட்காதீர்கள். உட்கார்ந்துதான் பாடம் நடத்த வேண்டும், இத்தனை மாதத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். தாளாளர் முகம் சுளிப்பார், நாற்காலி போட்டால் டீச்சர்கள் தூங்கிவிடுவார்கள் என்பார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள், வாதாட வேண்டாம். அப்படியும் நாற்காலி வராவிட்டால் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஆட்டோவில் போட்டு எடுத்துப் போங்கள், ஆட்டோக்காரரே வகுப்புவரை கொண்டுவந்து வைப்பார். உங்கள் நாற்காலியைப் பார்த்து பக்கத்து வகுப்பு டீச்சரும் ஒன்று கொண்டுவந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

பையனை அடுப்படிக்கு அனுப்புங்கள். நீங்கள் ஹாலிலிருந்து சொல்லுங்கள், கல் காய்ந்ததா, தண்ணீர் தெளித்தாயா என்று. முதல் தோசை பிய்ந்துதான் வரும். முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா