பூட் ஆகாத விண்டோஸில் இருக்கும் டிரைவர்களை, ஃபார்மட் செய்வதற்கு முன் எடுத்து வைக்க முடியுமா?

முடியும். கட்டாயம் எடுங்கள். டிரைவர் என்பது, ஒரு கருவியோடு விண்டோஸ் பேசுவதற்கு உதவும் சின்ன மென்பொருள். உங்கள் கேள்வியைப் பார்த்தால், யாரோ ஒருவர் "பழசை அழித்துவிடலாம், டிரைவர் எல்லாம் நெட்டிலேயே கிடைக்கும்" என்று சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புதுவயலில் ஓர் அரிசி ஆலை. எடை மேடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எனக்கு முன்னால் போன ஆள் புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 10 ஏற்றிவிட்டார். எல்லாம் ஓடியது, எடை மட்டும் திரைக்கு வரவில்லை. எடை காட்டும் கருவியின் சீரியல் கேபிள், விரல் நீளத்துக்கு இருக்கும் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் போகிறது. மாட்டியிருக்கும் கருவிகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் அதன்மேல் மஞ்சள் முக்கோணம். நெட்டில் கிடைத்த புது டிரைவரைப் போட்டால், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப் 2012லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்கிறது.

வாசலில் நெல் லாரிகள் நிற்கின்றன. கணக்குப் பார்க்கும் ஆச்சி, "தம்பி, நேத்து வரைக்கும் ஓடுன சாமான் இன்னிக்கு எப்படிப்பா செல்லாமப் போகும்?" என்றார். நியாயமான கேள்வி. கன்வெர்ட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அதை ஏற்றுக்கொள்ளும் பழைய டிரைவர், கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது.

விண்டோஸ் பூட் ஆகாவிட்டாலும் அதன் டிரைவர்கள் அழிவதில்லை. விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல்ரெப்பாசிட்டரி என்று உள்ளே போனால், செட்டிநாட்டு வீடுகளில் பெயர் வெட்டி அடுக்கிய பாத்திரங்கள் மாதிரி, ஒவ்வொரு டிரைவரும் தன்னை நிறுவுவதற்கான ஐஎன்எஃப் கோப்போடு தனித்தனி ஃபோல்டரில் இருக்கும்.

பழைய டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் சாட்டா கேபிள் வழியாக மாட்டினேன். இ டிரைவாக வந்தது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸோடு வரும் டிஸ்ம் (DISM) கட்டளையில் இமேஜ் என்ற இடத்தில் இ டிரைவையும், அடுத்து எக்ஸ்போர்ட்-டிரைவர் என்றும், டெஸ்டினேஷனில் முன்பே உருவாக்கி வைத்த காலி ஃபோல்டரையும் கொடுத்தேன். இமேஜுக்கு டிரைவின் வேர்தான் வேண்டும், அதற்குள் இருக்கும் விண்டோஸ் ஃபோல்டரைக் கொடுத்தால் வேலைக்காகாது. அப்புறம் அந்த ஃபோல்டரை ஆலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், டிவைஸ் மேனேஜரில் "பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன்" என்ற வழியில் போய்ப் பழைய பதிப்பைக் காட்டினேன். முக்கோணம் போனது, லாரியின் எடை திரைக்கு வந்தது.

"டிரைவர் எடுக்க விண்டோஸிலேயே பிஎன்பியூட்டில் (PnPUtil) என்ற கட்டளை இருக்கிறதே" என்று கருத்தில் எழுத வருபவர்களுக்கு: அதன் எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு மட்டும்தான். இங்கே கேள்வியே ஓடாத விண்டோஸைப் பற்றியது. "விண்டோஸ் அப்டேட்டே போட்டுக்கொள்ளும்" என்பவர்களுக்கு: புது லேப்டாப்பில் பெரும்பாலும் சரி. எடை மேடை, பழைய ஸ்கேனர், லேப் கருவி என்று வந்தால் அதை நம்பி உட்காராதீர்கள்.

வேறு கம்ப்யூட்டர் இல்லையென்றால், விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவில் பூட் செய்து ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்துங்கள், கட்டளைத் திரை வரும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். சி என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்காமல், டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக்குள் போய் லிஸ்ட் வால்யூம் கொடுத்து, எது எந்த எழுத்து என்று பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எஸ்எஸ்டிக்கு மறுபேச்சில்லாமல் காசு கொடுப்பவர்கள், இந்த வேலைக்குக் கூலி கேட்டால் "நாலு வரி அடித்ததற்கா?" என்கிறார்கள். எந்த நாலு வரி என்று தெரிவதற்குத்தான் கூலி. எங்கள் ஊரில் நன்றாக வேலை தெரிந்த பையன்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆச்சி பேரம் பேசாமல் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

64 பிட் விண்டோஸில் எடுத்த டிரைவர் 32 பிட்டில் ஏறாது. பிரிண்டர், ஸ்கேனரோடு வந்த தனி மென்பொருளும் இதில் வராது, அதைத் திரும்ப நிறுவ வேண்டும். எல்லாக் கருவியும் புது விண்டோஸில் வேலை செய்வதை நேரில் பார்க்கும்வரை பழைய டிஸ்க்கை அழிக்க யாரிடமும் கொடுக்காதீர்கள்.